உங்கள் தெருவுக்கு எப்போது ரோடு போடுவார்கள்? வடசென்னைக்கு ஒரு சாலைக் கணக்கு

வண்டி வாங்கும்போதே சாலை வரி கட்டிவிட்டோம், அப்புறம் ஏன் தெருவில் இத்தனை குழி என்று கேட்காத ஆளை வடசென்னையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் நேராக உங்கள் தெருவுக்கு வருவதில்லை. வாகன வரி மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது. பெட்ரோலிலும் டீசலிலும் சாலைக்கென்று பிடிக்கும் செஸ் என்ற கூடுதல் வரி ஒன்றிய அரசுக்குப் போகிறது. கொருக்குப்பேட்டையிலோ எர்ணாவூரிலோ உங்கள் வீட்டு வாசலில் ஓடும் தெருவைப் போட வேண்டியது மாநகராட்சி. அதன் சொந்த வருமானத்தில் பெரியது, நீங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரி.

ஆகவே சாலைப் பழுது என்றால் முதலில் கேட்க வேண்டியது, அந்தச் சாலை யாருடையது என்பது. வடசென்னையில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் 2011 வரை தனித்தனி நகராட்சிகள். அந்த ஆண்டுதான் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. தனித்தனி ஊர்களாக இருந்தபோது போட்ட சாலைகள், அந்தந்த ஊரின் வரும்படிக்கு ஏற்ற அகலத்திலும் கனத்திலும் போடப்பட்டவை. அவற்றைத்தான் இப்போது மாநகராட்சி தூக்கிச் சுமக்கிறது.

மாநகராட்சி தன் சாலைகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பேருந்து ஓடும் சாலைகள் சுமார் 387 கிலோமீட்டர். மிச்சமெல்லாம் உட்புறச் சாலைகள், அதாவது நம்ம தெருக்கள். அவை 5,000 கிலோமீட்டருக்கும் மேல். இவை போக, மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகள் தனி. துறைமுகத்துக்குப் போகும் எண்ணூர் விரைவுச்சாலை, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைச் சாலை போன்றவற்றின் கதை இன்னொன்று. தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சென்னைத் துறைமுகம், எண்ணூர்த் துறைமுகம், மாநில அரசு ஆகியவை சேர்ந்து எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் அவற்றை எடுத்துச் செய்தன. எண்ணூர் விரைவுச்சாலையில் இருக்கும் பள்ளத்துக்கு வார்டு கவுன்சிலரைப் பிடித்து உலுக்கினால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

தார்ச் சாலை எப்படிச் சாகிறது

குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் எங்காவது திறந்து கிடந்தால் அதன் பக்கவாட்டைக் குனிந்து பாருங்கள். தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளத்தை அப்படிப் பார்த்தேன். மேலே கறுப்பாக ஒரு பட்டை, அதன் கீழ் வெளிறிய இன்னொரு கறுப்புப் பட்டை, அதற்கும் கீழ் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட தார். அப்புறம் முழங்கை உயரத்துக்கு ஜல்லியும் கிராவலும். அடியில் கருங்களிமண், அதில் கசிந்து நிற்கும் தண்ணீர். பக்கத்து வீட்டு வாசற்படி, தெருவை விட ஒரு அடி தாழ்ந்து கிடந்தது. அந்த மூன்று பட்டைகளும் அந்தப் படியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

சாலையின் பலம் மேலே தெரியும் கறுப்பில் இல்லை. எடையைத் தாங்குவது அடியில் இருக்கும் ஜல்லிப் படுகை. மேல் தாருக்கு முக்கியமான வேலை, தண்ணீரை உள்ளே விடாமல் இருப்பது. வெயிலில் தார் காய்ந்து இறுகும், முடி போல விரிசல் விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கும். படுகையும் களிமண்ணும் ஊறிக் குழையும். மேலே ஒரு லாரி ஏறினால் அந்த இடம் அமுங்கும், தார் பிளந்து கழலும், குழி விழும். மொட்டைமாடியில் விரிசலைப் பார்த்ததும் பூசாமல் விட்டால் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு உள்ளே கம்பி துருப்பிடித்து கூரைப் பூச்சே விழுமே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. வடசென்னையில் கடற்கரையை ஒட்டி மணல் என்றாலும் உள்ளே பல இடங்களில் களிமண். நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது. அதனால் தண்ணீர் கீழிருந்தும் தாக்குகிறது.

அப்புறம் எடை. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே சாலைகளைப் போட்டு, அவற்றில் லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அதில் தெரிந்தது, சாலைக்கு வரும் சேதம் ஒரு சக்கர அச்சின் மீது விழும் எடையின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது. எடை இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு. இந்தியாவில் 2018-ல் லாரிகளின் அச்சு எடை வரம்பை உயர்த்தினார்கள். நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. கூடியது 13 சதவீதத்துக்கும் குறைவு. நான்காம் அடுக்குக் கணக்கில் அது 60 சதவீதம் கூடுதல் சேதம். ஸ்கூட்டரும் ஆட்டோவும் காரும் ஆயிரம் முறை போய் வந்தாலும் தெருவுக்கு ஒன்றும் ஆகாது. துறைமுகத்துக்குப் போகிற வழியில் நெரிசலுக்குப் பயந்து உள்தெருவில் திரும்பும் ஒரு கன்டெய்னர் டிரெய்லர் போதும். சாலை போடும் தார் மணலி சுத்திகரிப்பு ஆலையிலேயே தயாராகிறது. அதை ஏற்றிச் செல்லும் டேங்கர்கள் மணலிச் சாலையை ஒரு கை பார்த்துவிட்டுத்தான் வெளியே போகின்றன.

ஓர் எளிய வகுத்தல்

திட்டமிடல் என்றதும் பெரிய வரைபடங்களை நினைக்க வேண்டாம். அடிப்படை ஒரு வகுத்தல் கணக்கு. ஒரு வார்டில் 20 கிலோமீட்டர் உட்புறச் சாலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போட்ட மேல்தார் எட்டு ஆண்டு தாங்கும் என்றும் வைத்துக்கொள்வோம். 20-ஐ 8-ஆல் வகுத்தால் இரண்டரை. அந்த வார்டு, ஒன்றும் மோசமாகாமல் இருந்த நிலையிலேயே இருக்க, ஆண்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் போட்டே ஆக வேண்டும். ஒரு கிலோமீட்டர்தான் போட முடிகிறது என்றால் உங்கள் தெருவின் முறை 20 ஆண்டுக்கு ஒருமுறை வரும். எட்டு ஆண்டு ஆயுள், 20 ஆண்டுக் காத்திருப்பு. நடுவில் இருக்கும் 12 ஆண்டுகள்தான் நாம் தினமும் வண்டி ஓட்டும் குழிகள். தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் மட்டும் ஐந்து கிலோமீட்டர் போட்டால் இந்தக் கணக்கு சரியாகிவிடாது. அப்போது ஒன்றாகப் போட்டதெல்லாம் எட்டு ஆண்டு கழித்து ஒன்றாகவே கெடும்.

பணம் போதாது என்பது எந்த ஊரிலும் உள்ள கதை. போதாத பணத்தை எந்தத் தெருவுக்கு முதலில் கொடுப்பது? இதற்கு நம் மனம் சட்டென்று சொல்லும் பதில், படுமோசமாக இருக்கும் தெருவுக்கு என்பது. சாலைப் பொறியாளர்கள் பலரும் இதை மறுப்பார்கள். காரணம், சாலை ஒரே சீராகக் கெடுவதில்லை. முதல் சில ஆண்டுகள் மெதுவாகத்தான் தளரும், பார்த்தால் தெரியவே தெரியாது. ஒரு கட்டத்தைத் தாண்டியதும் ஓரிரண்டு மழையிலேயே உருக்குலைந்து போகும். அந்தக் கட்டத்துக்கு முன்பு செய்யும் வேலை மலிவு, பின்பு செய்வது பல மடங்கு.

கணக்குக்காக நானே சில தொகைகளை வைத்துக்கொள்கிறேன். விரிசலை அடைத்து மேலே மெல்லிய பூச்சு கொடுக்க கிலோமீட்டருக்கு 4 லட்சம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துப் புதுத் தார் போட 20 லட்சம். அடிப்படுகை வரை தோண்டி முழுதாகக் கட்ட 60 லட்சம். கையில் இருப்பது 60 லட்சம் என்றால், செத்துப்போன ஒரு கிலோமீட்டரை உயிர்ப்பிக்கலாம். அல்லது நடுத்தர நிலையில் இருக்கும் மூன்று கிலோமீட்டரைச் சரிசெய்யலாம். அல்லது இன்னும் நன்றாக இருக்கும் 15 கிலோமீட்டருக்கு ஆயுள் கூட்டலாம். செத்துப்போன சாலை அடுத்த ஆண்டும் அதே 60 லட்சம்தான் கேட்கும். கவனிக்காமல் விட்ட 15 கிலோமீட்டரில் ஒரு பகுதி அதற்குள் 20 லட்சப் பட்டியலுக்கு நகர்ந்திருக்கும். அதனால்தான் நன்றாக இருக்கும் தெருவில் தார் வாளியோடு ஆட்கள் நிற்பதைப் பார்த்து, போட வேண்டிய தெருவை விட்டுவிட்டு இங்கே என்ன வேலை என்று நாம் கொதிக்கும் சில நேரங்களில் அவர்கள் செய்வது சரியாகவே இருக்கும். எல்லா நேரமும் இல்லை, சில நேரம்.

இதை அளக்க ஒரு முறையும் உண்டு. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1970-களில் உருவாக்கியது. சாலையைத் துண்டு துண்டாக நடந்து பார்த்து விரிசல், அமுக்கம், குழி எல்லாவற்றையும் எண்ணி, 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுவார்கள். 80, 90 வாங்கிய தெருவுக்குப் பூச்சு, 50, 60-க்கு மேல்தார், 20-க்குக் கீழே என்றால் முழு வேலை என்று முடிவெடுக்கலாம். மதிப்பெண் இல்லாத இடத்தில் முடிவை எடுப்பது யார் சத்தம் போடுகிறார் என்பதுதான்.

ஆனால் இந்த மதிப்பெண் முறையை அப்படியே வடசென்னைக்குக் கொண்டுவந்தால் ஓர் அநியாயம் நடக்கும். காசிமேட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துகள், வியாசர்பாடியில் ஆண்டுதோறும் தண்ணீர் நிற்கும் தெருக்கள், அரசு கட்டிக்கொடுத்த வாரியக் குடியிருப்புகளின் உள்பாதைகள் எல்லாம் 20-க்குக் கீழே நிற்கக்கூடியவை. நல்லதைக் காப்பாற்று என்ற விதிப்படி அவற்றின் முறை வரவே வராது. அங்கிருந்து புகாரும் குறைவாகவே போகும். வேலைக்குப் போகிறவருக்கு நாள் கூலியை விட்டுவிட்டு மண்டல அலுவலகத்தில் நிற்க நேரம் ஏது? என்னைக் கேட்டால் பணத்தை இரண்டு பைகளாகப் பிரிக்க வேண்டும். வார்டின் வழக்கமான நிதி முழுவதும் நல்ல, நடுத்தரத் தெருக்களைக் காக்க. செத்த தெருக்களை மீட்க வெளியிலிருந்து வரும் திட்டப் பணம். வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று இருக்கிறதே, 2023-ல் 1,000 கோடி ரூபாய் என அறிவித்து, 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கும்போது பல துறைகளையும் சேர்த்து 4,181 கோடி என்றார்களே, அந்த மாதிரிப் பணத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

பணம் எந்தெந்த வழியாக வருகிறது

சொத்து வரியை முதலில் சொன்னேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. அரையாண்டின் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். 2022-ல் வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குக் குறைவான வீட்டுக்குப் பழைய மாநகராட்சிப் பகுதியில் 50 சதவீதம், 2011-ல் இணைந்த பகுதிகளில் 25 சதவீதம் என்று ஏற்றினார்கள். ராயபுரத்துக்கு ஒரு கணக்கு, திருவொற்றியூருக்கு ஒரு கணக்கு. தொழில் வரியும் மாநகராட்சிக்குத்தான், ஆனால் அரசியல் சாசனத்தின் 276-ஆவது பிரிவு அதை ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 1988-லேயே கட்டிப்போட்டுவிட்டது. விலைவாசி எங்கே போய்விட்டது, அந்த 2,500 அங்கேயே நிற்கிறது.

சொந்த வருமானம் போக, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலம் தன் சொந்த வரியில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. ஒன்றிய நிதி ஆணையத்தின் மானியம் வேறு. சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதிகளும் உண்டு, ஆனால் ஒரு தொகுதிக்குப் பிரித்தால் அது தெருவுக்குத் தெருவு தாங்காது. நமக்கு நாமே திட்டத்தில் குடியிருப்போர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு போடும். நல்ல திட்டம்தான், மூன்றில் ஒரு பங்கு போடக்கூடிய தெருக்களுக்கு.

கடன் வாங்கலாமா? வாங்கலாம், எதற்கு என்பதுதான் கேள்வி. 30 ஆண்டு நிற்கும் மழைநீர் வடிகாலுக்குக் கடன் வாங்கி, அதைப் பயன்படுத்தும் 30 ஆண்டுக்காலத்து மக்கள் அடைப்பது முறை. கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதியில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் மண்டலங்களில் வடிகால் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கியிடம் கடன் வாங்கியது அப்படித்தான். 2025-ல் மாநகராட்சி சுமார் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரமும் வெளியிட்டது. ஏழெட்டு ஆண்டில் தேய்ந்துவிடும் மேல்தாருக்குக் கடன் வாங்கினால், சாலை போன பிறகும் தவணை நிற்கும்.

உடைத்தவர் கொடுக்கட்டும் என்பது இன்னொரு வழி. குழாய், மின்கேபிள், இணையக் கம்பிக்காகச் சாலையை வெட்டுபவர் மாநகராட்சிக்கு வெட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். அதை வைத்துத்தான் பள்ளத்தை மூடுகிறார்கள். துறைமுகச் சாலைத் திட்டத்தில் துறைமுகங்களே பணம் போட்டதும் இதே நியாயத்தில். வரி வாங்குவதில் இந்தப் பக்கத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. 1758–59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு கிழக்கிந்தியக் கும்பினியார் கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, சுற்றி மதில் எழுப்பினார்கள். செலவைக் குடியிருப்பவர்களிடமே மதில் வரியாக வாங்கத் திட்டம். வரி வசூலாகவே இல்லை. வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வரிசை தப்பினால்

பணம் வந்தும் வீணாவது பெரும்பாலும் வரிசையில். முதலில் வடிகால், அடுத்து கழிவுநீர், குடிநீர்க் குழாய், பிறகு கேபிள், கடைசியில் தார். இதில் ஒன்று முன்பின்னாக மாறினாலும் ரோடு போட்ட மறுவாரமே தோண்டுகிறார்கள் என்று நாம் திட்டும் நிலை வரும். அதனால் தெருவைப் போடுமுன் மற்ற துறைகளிடம் அங்கே வேலை பாக்கி இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். மாதவரம், பெரம்பூர் பக்கம் மெட்ரோ ரயில் வேலை நடக்கும் சாலைகளில், வேலை முடியும்வரை ஒட்டுப்போட்டு ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம், எரிச்சலாக இருந்தாலும்.

காலமும் ஒரு வரிசைதான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது சென்னையில் சாலைப் பொறியாளருக்கு அச்சு அசலாகப் பொருந்தும். பொங்கல் முதல் ஆவணி வரைதான் தார் போடும் பருவம். எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை என்று ஒவ்வொன்றாக நகர வேண்டும். தமிழ்நாட்டில் டெண்டரில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-லிருந்து இருக்கிறது; இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேல் 30 நாளும் அவகாசம் தர வேண்டும். மார்ச்சில் பட்ஜெட் போட்டு, ஆகஸ்டில் பணி ஆணை கொடுத்தால், கலவை லாரி வரும்போது மேகமும் கூடவே வரும்.

வேலை நடக்கும் அன்று பார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய தாரைச் சுரண்டி எடுக்கிறார்களா? அப்படிச் சுரண்டிய பிறகே புதுத் தார் போட வேண்டும், தெரு உயர்ந்து வீடு தாழக் கூடாது என்று 2021 டிசம்பரில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். சுரண்டிய பரப்பைக் கூட்டித் தூசி போக்கி, அதன்மேல் மெல்லிய தார் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுசு பழசோடு ஒட்டாது. கலவை தார்ப்பாய் மூடி, சூடு குறையாமல் வர வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் பயன்படும் தார் வகைக்கு, விரிக்கும்போது 140 டிகிரியாவது இருக்க வேண்டும். 90-க்குக் கீழே இறங்குமுன் ரோலர் தன் வேலையை முடித்துவிட வேண்டும். டீக்கடையில் ரோலர் டிரைவர் உட்கார்ந்திருக்க, கலவை தெருவில் ஆறிக்கொண்டிருந்தால் அந்த இடம் அடுத்த மழையில் முதலில் பெயரும். குழிக்கு ஒட்டுப்போடும்போதும் அப்படியே. குழியின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரையும் மண்ணையும் எடுத்துவிட்டு நிரப்ப வேண்டும். தண்ணீர் நிற்கும் குழியில் அப்படியே கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவது நிரப்புவதாகாது.

ஏரியா சபை, அதாவது வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம், 2022 நவம்பர் முதல் தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் கூடத் தொடங்கியிருக்கிறது. அங்கே போனால் எங்கள் தெருவுக்கு ரோடு போடுங்கள் என்று மட்டும் கேட்டு உட்காராதீர்கள். வார்டில் உள்ள எல்லாத் தெருவும், ஒவ்வொன்றும் கடைசியாகப் போட்ட ஆண்டும் உள்ள பட்டியலை உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். எந்தத் துறையின் தோண்டல் பாக்கி என்று கேளுங்கள். போட்ட வேலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தில் பதிவாகித்தான் பில் பாஸாகும், அதில் எழுதிய கனத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழி விழுந்தால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுக்கும்போது அந்தத் தெரு கடைசியாகப் போட்ட தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரரின் பொறுப்புக் காலம் என்று சில ஆண்டுகள் குறிப்பிட்டிருக்கும். அது முடிவதற்குள் குழி விழுந்திருந்தால் அடைக்க வேண்டிய செலவு அவருடையது, உங்கள் சொத்து வரியிலிருந்து போகக் கூடாது.